போக்கோ ஹராம்: ஒரு மதபோதகரின் கூட்டம் படையாக மாறியது எப்படி?

வினா: மேலூர் வரலாற்று ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேலூருக்கு அருகில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நைஜீரியா என்ற பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அங்கேதானே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை லாரியில ஏத்திட்டுப் போனாங்க? எதுக்காகப் போனாங்க?" என்று கேட்டாள். சிபோக் என்ற ஊரின் பெயரையும் 2014 என்ற ஆண்டையும் சொன்னேன். போக்கோ ஹராம் என்ற அமைப்பின் பெயரையும் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெயரை நான் உச்சரித்தபோது வகுப்பில் இருந்த மூன்று இஸ்லாமிய மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தேன். அரைகுறையாகச் சொல்லி அந்தப் பிள்ளைகளைக் குனியவைத்துவிட்டோமே என்ற வருத்தம் அன்று முழுவதும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் இதே வகுப்பில் இதைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசுவதாக மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்? மசூதியில் போதித்துக்கொண்டிருந்த ஒருவரின் கூட்டம் சில ஆண்டுகளில் ஊர்களைப் பிடிக்கும் படையாக எப்படி வளர்ந்தது? ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகை மிகுந்த நாட்டின் இராணுவத்தால் அதை ஏன் அடக்க முடியவில்லை? என் மாணவி கேட்ட கேள்விக்கு நேரான விடை ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: திருநகர், பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தபின் இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் 1979 முதல் 1986 வரை வடகிழக்கு நைஜீரியாவில், போர்னோ மாநிலத்தின் தலைநகரான மைதுகுரியில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன். பின்னாளில் இந்த அமைப்பு பிறந்ததும் அந்த ஊரில்தான். என் தாயாருக்கு மைதுகுரி என்ற பெயர் வாயில் நுழையாது. கடைசிவரை "அந்த மதுரை" என்றே சொல்லிவந்தார். ஒருவகையில் அது பொருத்தமாகவும் இருந்தது. வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கடுமையானது; ஆனால் தெருவுக்குத் தெரு வேப்பமரம் நிற்கும். வடக்கு நைஜீரியாவில் பரவலாகப் பேசப்படும் ஹவுசா மொழியில் அந்த மரத்தை "டோகன்யாரோ" என்பார்கள். நெட்டைப் பையன் என்று பொருள். அந்த நிழலில் உட்கார்ந்துதான் என் மாணவர்கள் வீட்டுக்கணக்குப் போட்டார்கள்.

நாங்கள் அங்கே போனதற்கான காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். 1976-இல் நைஜீரியா அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்ற திட்டத்தை அறிவித்தது. எண்ணெய் விற்ற பணம் கையில் இருந்தது, பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர்கள்தாம் இல்லை. அதனால் இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். இந்தப் பற்றாக்குறை வடக்கில் மிகவும் கடுமையாக இருந்ததற்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. பிரிட்டிஷார் வடபகுதியை 1903-இல் வென்றபின், அங்கிருந்த அமீர்கள் என்ற இஸ்லாமிய ஆட்சியாளர்களின் வழியாகவே ஆட்சி நடத்தினார்கள். அமீர்களின் பகுதிகளில் கிறித்தவ மிஷனரிகள் நுழைவதையும் பெரும்பாலும் தடுத்துவைத்தார்கள். அந்நாளில் பள்ளி என்றாலே மிஷன் பள்ளி என்பதால், தெற்கு படித்து முன்னேற வடக்கு பின்தங்கியது. விடுதலைக்குப்பின் அரசு வேலைகளுக்குப் போட்டி வந்தபோது அந்த இடைவெளி கசப்பாக மாறியது. என் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய தகப்பன்மார் சிலர், "படிக்கட்டும்; ஆனால் எங்கள் பிள்ளையை மாற்றிவிடாதீர்கள்" என்று என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தீவிரவாதிகள் அல்லர், அஞ்சியவர்கள்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளையும் நாள்தோறும் பார்த்தேன். தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து திருக்குர்ஆன் ஓத அனுப்பப்பட்ட சிறுவர்கள் அவர்கள். அல்மாஜிரி என்று அழைப்பார்கள். மரப்பலகையில் மையால் எழுதி, மனப்பாடம் ஆனதும் கழுவிவிட்டு மீண்டும் எழுதுவார்கள்; பசித்தால் தட்டை ஏந்தி வீடுவீடாக வருவார்கள். அந்தக் கல்வி முறை மிகத் தொன்மையானது, மதிப்பும் உடையது. ஊர்கள் வறண்டு ஆசிரியர்களும் வறியவர்களானபோது அது பிள்ளைகளின் பசியை மட்டும் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போக்கோ ஹராமுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் ஒத்திகையை நான் பார்த்தேன். மைத்தத்சினே என்று அழைக்கப்பட்ட ஒரு போதகர் கானோ நகரில் வானொலி, கைக்கடிகாரம், மிதிவண்டி எல்லாவற்றையும் பாவம் என்று போதித்து, வேலையற்ற இளைஞர்களைத் திரட்டினார். 1980 டிசம்பரில் கானோவில் நடந்த மோதலில் அவர் இறந்தார். 4,177 பேர் மாண்டதாக அரசு விசாரணை கூறியது. அவருடைய ஆட்கள் சிதறி ஓடி வந்து, 1982 அக்டோபரில் மைதுகுரியின் ஓரத்திலுள்ள புலும்குட்டுவில் மீண்டும் எழுந்தார்கள். நான்கு நாள் நானும் என் மனைவியும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, துப்பாக்கிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டபடியே இருந்தோம். இராணுவம் வந்து அடக்கியது; அத்துடன் முடிந்தது என்றார்கள். எந்தக் காரணத்தால் அந்த இளைஞர்கள் அவரிடம் போனார்களோ அது அப்படியே கிடந்தது. எண்ணெய் விலை விழுந்து, 1986-இல் அந்நாட்டு நாணயமான நைராவின் மதிப்பும் சரிந்தபின் எங்களைப் போன்றவர்கள் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாமல் திரும்பிவிட்டோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகம்மது யூசுஃப் 1970-இல் இன்றைய யோபே மாநிலத்தில் பிறந்தவர். 2002-ஆம் ஆண்டளவில் மைதுகுரியில் ரயில் நிலையப் பகுதியில் தமக்கென ஒரு பள்ளிவாசலை நிறுவிக் கூட்டம் சேர்த்தார். மேற்கத்தியக் கல்வியும் மதச்சார்பற்ற அரசில் பணிபுரிவதும் விலக்கப்பட்டவை என்று போதித்தார். 2009-இல் பிபிசிக்கு அளித்த நேர்காணலில், மழை கடல்நீர் ஆவியாகி வருவதன்று, நேரே இறைவன் படைப்பது என்றும், பூமி உருண்டை என்பதை ஏற்பதில்லை என்றும் சொன்னார். ஆசிரியனாக இருந்த எனக்கு இதைக் கேட்கும்போது நெஞ்சு வலிக்கிறது. ஆனால் இளைஞர்கள் மழையின் விளக்கத்துக்காக அவரிடம் போகவில்லை. அங்கே சாப்பாடு கிடைத்தது, சிறு வணிகத்துக்குக் கடன் கிடைத்தது, செலவில்லாமல் திருமணம் நடந்தது. ஊழலில் திளைத்த அரசியல்வாதிகளை ஒருவர் துணிந்து திட்டுவதைக் கேட்கவும் முடிந்தது. அதே அரசியல்வாதிகளுக்கும் அந்தக் கூட்டத்தின் வாக்குகள் தேவைப்பட்டன. யூசுஃபின் சீடர்களில் ஒருவரான புஜி ஃபோய் போர்னோ மாநில அரசில் மத விவகாரப் பொறுப்பை வகித்தார் என்பதிலிருந்தே இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்று தெரியும்.

அந்த உறவு முறிந்த விதத்தைக் கவனியுங்கள். 2009-இன் தொடக்கத்தில் இருசக்கர வண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணியவேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. ஜூன் 11 அன்று, சவ அடக்கத்துக்கு ஊர்வலமாகச் சென்ற யூசுஃபின் ஆட்களைக் காவல் படை தலைக்கவசம் இல்லை என்று நிறுத்தியபோது தகராறு முற்றிச் சுட்டதில், 17 பேர் காயமடைந்தனர். யூசுஃப் வெளிப்படையாகவே பழிவாங்குவதாக அறிவித்தார். ஜூலை 26 அன்று பவுச்சி நகரில் காவல் நிலையத்தை அவருடைய ஆட்கள் தாக்க, கலவரம் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஐந்து நாளில் 800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மைதுகுரியில் அவருடைய பள்ளிவாசல் தரைமட்டமாக்கப்பட்டது. ஜூலை 30 அன்று இராணுவம் யூசுஃபை உயிருடன் பிடித்து, விசாரித்து, காவல் துறையிடம் ஒப்படைத்தது. சில மணி நேரத்தில் குண்டு துளைத்த உடலாக அவர் கிடந்தார். தாமாகவே காவல் துறையின்முன் வந்து நின்ற அவருடைய மாமனாரும் அவ்வாறே கொல்லப்பட்டார். யூசுஃபைக் கொன்றதாகப் பின்னாளில் காவலர்கள் சிலர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது, அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

அம்மா, உங்கள் வகுப்பில் ஒரே ஒரு தேதியைத்தான் கரும்பலகையில் எழுத இடம் இருக்கிறது என்றால், 2009 ஜூலை 30 என்று எழுதுங்கள். அந்த மனிதரை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் அவருடைய போதனையையும், அவருக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களையும், ஊர் அறிந்திருக்கும். கொன்றதால் போதனை தியாகக் கதையாகிவிட்டது. பெயர்களோ அவருடன் புதைந்துவிட்டன. இறந்துவிட்டதாகக் காவல் துறை சொன்ன அவருடைய துணைத்தலைவர் அபூபக்கர் ஷெகாவ் அடுத்த ஆண்டு ஜூலையில் காணொளியில் தோன்றி, தாமே இனித் தலைவர் என்றார். 2010 செப்டம்பரில் பவுச்சி சிறையை உடைத்து 700-க்கும் மேற்பட்ட கைதிகளை வெளியே கொண்டுவந்தார்கள்.

மறுமொழி 2: கோரிப்பாளையம் வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு ஸலாமும் வணக்கமும். தலை குனிந்த அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். அந்த அமைப்பு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் நீளமான அரபுப் பெயர். நபிவழியைப் பரப்பவும் போராடவும் சேர்ந்த கூட்டம் என்ற பொருளுடையது. போக்கோ ஹராம் என்பது மைதுகுரி மக்கள் அவர்களுக்கு இட்ட பட்டப்பெயர். ஹராம் என்றால் விலக்கப்பட்டது. போக்கோ என்பது ஆங்கிலத்தில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. ஹவுசா மொழி ஆய்வாளர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். போலி, பாசாங்கு என்ற பொருளுடைய பழைய ஹவுசாச் சொல் அது. வெள்ளையர் பள்ளியையும், ரோமன் எழுத்தில் ஹவுசாவை எழுதும் முறையையும் மக்கள் "போலிக் கல்வி" என்று அழைத்து, நாளடைவில் அதுவே மேற்கத்தியக் கல்விக்குப் பெயராகிவிட்டது.

இதை நம் பிள்ளைகளுக்கு விளக்க எளிய வழி இருக்கிறது. என் பாட்டியார் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார், அரபுத்தமிழ் என்போம். அவர் பால் கணக்கு எழுதிய நோட்டுகூட எங்கள் வீட்டில் இருக்கிறது. ஹவுசா மக்களும் தங்கள் மொழியைப் பல நூற்றாண்டாக அரபு எழுத்தில் எழுதிவந்தார்கள். அதற்கு அஜமி என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சி வந்தபின் அரசு அலுவல்கள் ரோமன் எழுத்துக்கு மாறியபோது, அதுவரை எழுதப்படிக்கத் தெரிந்திருந்தவர்கள் அரசின் கணக்கில் ஒரே தலைமுறையில் எழுத்தறிவற்றவர்களாகிவிட்டார்கள். போக்கோ என்ற சொல்லில் இருக்கும் கசப்பு அங்கிருந்து வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கசப்பு இல்லாமல் போனது, அத்தா எங்களை அதிகாலையில் குர்ஆன் ஓதும் மக்தபுக்கும் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியதால்தான். இரண்டில் ஒன்றை விடு என்று எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டாவது செய்தி முக்கியமானது. யூசுஃபுக்கு முதலில் மறுப்புச் சொன்னவர்கள் அந்த நாட்டு ஆலிம்களே, அதாவது மார்க்க அறிஞர்களே. அவருக்கு ஒருகாலத்தில் ஆசானாக இருந்த ஷேக் ஜஅஃபர் மஹ்மூத் ஆதம், மருத்துவமும் பொறியியலும் படிக்காத சமுதாயம் பிறரை அண்டியே வாழவேண்டியிருக்கும் என்ற வாதத்தை முன்வைத்துத் தம் மாணவரையே வெளிப்படையாகக் கண்டித்தார். 2007 ஏப்ரலில், கானோவில் ஒரு வெள்ளிக்கிழமை, அதிகாலை சுபுஹுத் தொழுகையை நடத்திக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2014 நவம்பரில் கானோ மத்தியப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின்போது குண்டு வைத்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளவேண்டும் என்று கானோ அமீர் அழைப்பு விடுத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. இந்த அமைப்பால் இறந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த மூன்று பிள்ளைகளும் ஷேக் ஜஅஃபரின் பெயரைத் தெரிந்துகொள்ளட்டும்.

மறுமொழி 3: நாகமலை புதுக்கோட்டை, அரசியல் அறிவியல் ஆய்வு மாணவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவின் நேரடி அனுபவத்துக்கு முன் நான் சிறியவன். இருந்தாலும் ஓரிடத்தில் அவருடன் உடன்பட இயலவில்லை. 2009 ஜூலை 30-ஐ முழுக் காரணமாக வைத்தால், அதற்கு முன் நடந்தவை கண்ணிலிருந்து மறைந்துவிடும். இந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்த ஒரு பிரிவு 2003-இலேயே யோபே மாநிலத்தின் கனாமா என்ற எல்லையோர ஊரில் முகாம் அமைத்துத் தங்கி, ஆண்டின் இறுதியில் காவல் நிலையங்களைத் தாக்கியது. கோரிப்பாளையம் அன்பர் குறிப்பிட்ட ஷேக் ஜஅஃபரின் கொலை 2007-இல் நடந்தது. மாற்றுக் கருத்துடையவர் கொல்லத்தக்கவர் என்ற எண்ணம் காவல் துறையின் குண்டுக்கு முன்பே அங்கே வேரூன்றிவிட்டது. வறுமை மட்டும் காரணம் என்றாலும் இதே சிக்கல்தான். நைஜர் நாட்டிலும் வடமேற்கு நைஜீரியாவிலும் அதே வறுமை இருந்தது, இந்த அமைப்பு அங்கே பிறக்கவில்லை.

இராணுவத்தால் ஏன் அடக்க முடியவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். 2011-இல் இந்த அமைப்பு தலைநகர் அபுஜாவுக்கே வந்துவிட்டது. ஜூனில் காவல் துறைத் தலைமையகமும் ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் அலுவலகமும் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயின. 2012 ஜனவரி 20 அன்று கானோவில் ஒரே நாளில் 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013 மே மாதம் போர்னோ, யோபே, அடமாவா ஆகிய மூன்று மாநிலங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது மைதுகுரித் தெருக்களில் இளைஞர்களே கம்பும் வெட்டுக்கத்தியும் எடுத்துக்கொண்டு, தங்களுக்கு முகம் தெரிந்த போக்கோ ஹராம் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். கம்புக்காரர்கள் என்று ஹவுசாவில் அவர்களுக்குப் பெயர். இராணுவத்தால் நான்காண்டில் முடியாததை உள்ளூர் அறிவு சில மாதங்களில் செய்து, ஆயுதக் குழுவை நகரத்திலிருந்து விரட்டியது. விரட்டப்பட்டவர்கள் போர்னோவின் சம்பிசாக் காட்டுக்குள் போய், காவல் இல்லாத சிற்றூர்களின்மீது பாய்ந்தார்கள். கம்புக்காரர்களுக்குத் துணைநின்ற ஊர்களைப் பழிவாங்கியதும் அதன் பகுதியே. நகரம் காக்கப்பட்டதற்கான விலையைச் சிற்றூர்கள் கொடுத்தன.

இராணுவத்தின் செயல்களும் மக்களை அதனிடமிருந்து விலக்கின. 2014 மார்ச் 14 அன்று மைதுகுரியின் கிவா படைமுகாமைப் போக்கோ ஹராம் தாக்கிக் கைதிகளை விடுவித்தபின், மீண்டும் பிடிபட்ட 600-க்கும் மேற்பட்டோரைப் படையினர் கொன்றதாக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவுசெய்துள்ளது. அவர்களில் பலர் எந்தக் குற்றமும் நிறுவப்படாமல் வயதை மட்டும் பார்த்துத் தெருவில் பிடிக்கப்பட்டவர்கள். இந்த இடத்தில் ஆசிரியர் ஐயாவின் வாதத்துக்கு நான் பாதி தூரம் திரும்பி வருகிறேன்.

அதன் உச்சக் கட்டம் 2014 ஆகஸ்டில் தொடங்கியது. க்வோசா நகரத்தைப் பிடித்து அங்கே கிலாபத் எனும் இஸ்லாமிய ஆட்சி அமைந்துவிட்டதாக ஷெகாவ் அறிவித்தார். 2015-இன் தொடக்கத்தில் நைஜீரியா, சாட், நைஜர், கேமரூன் படைகள் சேர்ந்து பெரும்பாலான ஊர்களை மீட்டன. அதே மார்ச்சில் ஷெகாவ் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் தெரிவித்தார். ஆனால் தமக்குக் கீழ்ப்படியாத எந்த முஸ்லிமும் முஸ்லிம் அல்லர், கொல்லப்படலாம் என்ற ஷெகாவின் நிலைப்பாட்டை அவருடைய தளபதிகளில் பலரே ஏற்கவில்லை. 2016 ஆகஸ்டில் ஐ.எஸ். அவரை ஒதுக்கிவிட்டு, யூசுஃபின் மகனான அபூ முஸ்அப் அல்-பர்னாவியைத் தலைவராக அறிவிக்க, அமைப்பு இரண்டாக உடைந்தது. புதிய பிரிவு சாட் ஏரிப் பகுதியில் மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் மேய்ச்சல்காரர்களிடமும் வரி வாங்கிக்கொண்டு ஓர் அரசைப் போலவே நடந்தது. கருவாட்டுக்கும் மிளகாய்க்கும் வரி. பொதுமக்களைக் கண்டபடி கொல்வதைக் குறைத்துப் படைமுகாம்களைத் தாக்கியதால், அது ஷெகாவின் பிரிவைவிட நீண்டகால ஆபத்து என்பது என் கணிப்பு. 2021 மே மாதம் அந்தப் பிரிவினர் சம்பிசாவுக்குள் நுழைந்து ஷெகாவைச் சூழ்ந்தபோது, அவர் வெடிப்பொருளை வெடிக்கச்செய்து இறந்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்துடன் சரணடைந்தனர். இரு பிரிவுகளும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இழப்பைச் சொல்ல ஒரே ஓர் எண் போதும். 2020 இறுதிவரை வடகிழக்கு நைஜீரியாவில் இந்தப் போரால் ஏறத்தாழ 3,50,000 உயிர்கள் போயின என்று ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவற்றில் நேரடித் தாக்குதலில் போனவை சுமார் பத்தில் ஒரு பங்கே. மற்றவை விதைக்க முடியாத வயல்கள், மூடிய மருத்துவமனைகள், அகதி முகாம்களின் நோய் ஆகியவற்றால் போனவை. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளே அவர்களில் மிகப் பெரும்பாலோர்.

வினா எழுப்பியவரின் மறுமொழி: மேலூர் வரலாற்று ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அரபுத்தமிழ் எடுத்துக்காட்டை நாளையே வகுப்பில் பயன்படுத்தப்போகிறேன். அந்த மூன்று மாணவிகளில் ஒருத்தியின் வீட்டில் அப்படி ஒரு பழைய நூல் இருப்பதாக இன்று கேட்டறிந்தேன், கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஆயினும் என் மாணவி கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. பள்ளியை எரிப்பது வெறுப்பு என்று சொல்லலாம். மாணவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது ஏன்? அவர்களை வைத்து என்ன செய்ய நினைத்தார்கள்? பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதை எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையும், இத்தனை ஆண்டு பிள்ளைகளோடு இருந்தவர்கள் என்ற முறையில் ஆசிரியர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4: திருநகர், பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்

ஆய்வு மாணவர் தம்பி எழுதியதை இரண்டுமுறை படித்தேன். கனாமாவையும் ஷேக் ஜஅஃபரையும் நான் விட்டுவிட்டது பிழை. விதை முன்பே விழுந்திருந்தது என்பதை ஏற்கிறேன். கரும்பலகையில் எழுதவேண்டிய தேதியை மட்டும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். விதை விழுந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது அந்த நாள்தான்.

அம்மா, பெண்களைக் கவர்வது சிபோக்கில் தொடங்கவில்லை. 2012 முதலே அரசு, இந்த அமைப்பினரின் மனைவியரையும் பிள்ளைகளையும் பிடித்துக் காவலில் வைத்தது. ஷெகாவின் மனைவியரும் அவர்களில் உண்டு. உங்கள் பெண்களையும் இனிப் பாருங்கள் என்று ஷெகாவ் காணொளியில் மிரட்டினார். 2013-இல் பெண்களையும் குழந்தைகளையும் பிணையாகக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 2014 பிப்ரவரியில் யோபே மாநிலத்தின் புனி யாடியில் ஒரு விடுதிப் பள்ளிக்குள் இரவில் புகுந்து 59 மாணவர்களைக் கொன்றவர்கள், மாணவிகளை மட்டும் விட்டு, படிப்பை நிறுத்திவிட்டுத் திருமணம் செய்துகொள்ளுங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 14 இரவில், சிபோக்.

படைவீரர் உடையில் வந்தவர்கள், காப்பாற்ற வந்திருக்கிறோம் என்று சொல்லி மாணவிகளை ஓரிடத்தில் கூட்டினார்கள். மீண்டு வந்தவர்கள் சொன்னதில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: அவர்கள் அந்த இரவில் உணவையும் இயந்திரங்களையும் கொள்ளையிட வந்தவர்களாகவே தெரிந்தது; இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்று அங்கேயே நின்று தங்களுக்குள் வாதிட்டார்கள். எரிப்பதா, விடுவதா, கொண்டுபோவதா என்ற பேச்சின் முடிவில் 276 பேர் வண்டிகளில் ஏற்றப்பட்டார்கள். 57 பேர் ஓடும் வண்டியிலிருந்து குதித்தும் வழியில் மறைந்தும் தப்பினார்கள். மற்றவர்களின் பெயர் உலகெங்கும் ஒலித்தபின்தான், தங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பிணை என்பது ஷெகாவுக்கே புரிந்தது. உங்கள் மாணவிக்கு நேர்மையான விடை இதுவாகத்தான் இருக்கும்: பெண்பிள்ளையை ஆளாக எண்ணாமல் பிணைப்பொருளாகவும், போராளிக்கு அளிக்கும் பரிசாகவும் எண்ணிப் பழகியவர்களுக்கு, அந்த இரவில் அதைச் செய்யாமலிருக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பின் நடந்ததில் எவ்வளவு சொல்வது என்று கேட்டீர்கள். கட்டாயத் திருமணம் நடந்தது என்பதைச் சொல்லுங்கள். அதற்குமேல் விவரம் வேண்டாம். பெண்களின் உடலில் குண்டைக் கட்டி அனுப்பியதைச் சொல்லத்தான் வேண்டும். 2011 முதல் 2017 நடுப்பகுதிவரை இந்த அமைப்பு அனுப்பிய 434 மனித வெடிகுண்டுகளை ஆராய்ந்தவர்கள், ஆணா பெண்ணா என்று தெரிந்த 338 பேரில் 244 பேர் பெண்கள் என்று கண்டார்கள். சிலர் பத்து வயதைத் தாண்டாதவர்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லிவிடாதீர்கள். காவலர்முன் கையை உயர்த்திக் குண்டைக் கழற்றச் சொல்லிச் சரணடைந்த சிறுமியரும் உண்டு.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வரி. 2009 முதல் 2015 வரை குறைந்தது 611 ஆசிரியர்கள் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள், 910-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அழிக்கப்பட்டன என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவுசெய்திருக்கிறது. என்னிடம் படித்து, பின் அங்கேயே கணித ஆசிரியராகிய ஒருவர் 2012 வரை எனக்குப் பொங்கலுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பிவந்தார். அதன்பின் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிபோக் பிள்ளைகளில் 21 பேர் 2016 அக்டோபரிலும், 82 பேர் 2017 மே மாதத்திலும் பேச்சுவார்த்தையின் வழியாக விடுதலையானார்கள். பின்னரும் சிலர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டிலிருந்து நடந்து வந்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்டோர் இன்னும் திரும்பவில்லை.

உங்கள் வகுப்பு பொதுத்தேர்வு வகுப்பு என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த ஏப்ரலில் போர்னோ மாநிலப் பள்ளிகள் பாதுகாப்புக் கருதி மூடப்பட்டிருந்தன. சிபோக் பள்ளியைத் தேர்வுக்காக மட்டும் திறந்திருந்தார்கள். சுற்றுப்புறத்துச் சிற்றூர்களின் மாணவிகளும் அங்கே வந்து விடுதியில் தங்கியிருந்தார்கள். அவர்கள் எழுதவிருந்த தேர்வு இயற்பியல். விடுதலையானவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் 2017 செப்டம்பரில் யோலா நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில், அவர்களுக்கென்றே அமைக்கப்பட்ட வகுப்புகளில், விட்ட இடத்திலிருந்து மீண்டும் படிக்கச் சேர்ந்தார்கள்.